வெற்றுக் கோதுகளின் சாட்சியம்: லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களம் சொல்வது

கடந்த மாரி தொடங்குவதற்கு முன்னர், முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு குடும்பத்தைச் சந்திக்கப் போயிருந்தேன். காணி உறுதி தொடர்பான ஒரு கட்டுரைக்காகத்தான் போனேன். பேசி முடித்து எழும்பும்போது, வீட்டுக்கார அம்மா குசினிப் பக்கமிருந்து ஒரு பால்மாப் பேணியைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். மண் ஒட்டிய வெற்று ரவைக் கோதுகள். சில பச்சைக் களிம்பு ஏறிய பித்தளை, சில துருப்பிடித்த உருக்கு.

“கத்தரி நடக் கொத்தேக்க வந்தது பிள்ளை. பித்தளைக்கு நல்ல விலை எண்டு பழைய இரும்பு எடுக்க வாற பெடியன் சொன்னவன். குடுத்துப்போடவோ?”

நான் பதில் சொல்வதற்குள் அவர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். “இதைப் பாருங்கோ. இதுக்கு அடி இல்லை.”

உண்மைதான். அது கோதல்ல, இரு பக்கமும் திறந்த ஒரு சிறு குழாய். அடிப்பகுதி சுற்றிவரக் கழன்று போயிருந்தது. துவக்கு வெடித்ததா, மண்ணில் கிடந்து உக்கியதா, யாரேனும் வெட்டினார்களா என்று அவர் கேட்டார். அந்த நேரத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் தேடிப் படித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய்விட்ட இடம், நான் எதிர்பாராத ஒன்று: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், 1876ஆம் ஆண்டு நடந்த ஒரு சண்டையின் களம்.

அந்தக் களத்தில் சிக்கிக்கொண்ட கோதுகளும் அடி கழன்ற கோதுகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு வாதத்தின் மையமாக இருந்தன. கடைசியில் அந்த வாதத்தைத் தீர்க்க உதவியதும் கோதுகள்தான். அதைச் சொல்வதற்கு முன், ஒரு கோது ஏன் சிக்குகிறது, ஏன் கழல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கோது என்ன செய்கிறது?

எங்களில் பலர் சன்னத்தின் சத்தத்தை அறிவோம், காயத்தை அறிவோம். கோது என்ன வேலை செய்கிறது என்று யோசித்ததில்லை. முழு ரவையில் நான்கு பகுதிகள் உண்டு. முன்னால் சன்னம், உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் சிறு மருந்துக் குப்பி, இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கோது. துவக்கின் ஊசி அடியில் குத்தியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த அழுத்தம் சன்னத்தை முன்னே தள்ளுகிறது.

அதே அழுத்தம் கோதையும் எல்லாப் பக்கமும் ஊதச் செய்கிறது. கோது விரிந்து, துவக்குக் குழலின் பின்பக்கத்து அறைச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் சூடான வாயு பின்னோக்கிச் சுடுபவரின் முகத்துக்கு வருவதில்லை. சன்னம் வெளியேறி அழுத்தம் இறங்கியவுடன் உலோகம் தன் இயல்பால் சற்றுச் சுருங்குகிறது. அந்த மயிரிழை இடைவெளி போதும். ஒரு சிறு கொளுக்கி கோதின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்தெறிகிறது.

எல்லாம் அந்தச் சுருக்கத்தில்தான் தங்கியிருக்கிறது. ஏறத்தாழ 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளை விரிந்து சுருங்குவதில் கெட்டிக்காரன். அதனால்தான் உலகெங்கும் கோதுக்குப் பித்தளை பெரிதும் பயன்படுகிறது. விலை குறைவு என்பதால் சில நாடுகள் மேற்பூச்சுப் பூசிய உருக்கைப் பயன்படுத்தின. அந்த அம்மாவின் பேணியில் துருப்பிடித்துக் கிடந்தவை அவைதான்.

உலோகம் மெதுவானதாக இருந்தால், விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடும். அறைக்குள் புழுதியோ கரியோ படிந்திருந்தால், கோதில் களிம்பு ஏறியிருந்தால், சுட்டுச் சுட்டுத் துவக்குச் சூடேறியிருந்தால், கோது சுவரைப் பிடித்துக்கொள்ளும். கொளுக்கி இழுக்கும்போது விளிம்பு கிழிந்துவிடும். அதன்பின் பிடித்து இழுக்க எதுவுமில்லை. இதுதான் சிக்கிக்கொண்ட கோது.

அடி கழல்வது வேறு காரணத்தால். கோதின் அடிக்கும் அதைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புக்கும் இடையில் சிறு இடைவெளி இருந்தால், வெடிக்கும் கணத்தில் கோதின் உடல் சுவரோடு ஒட்டி நிற்க, அடி மட்டும் பின்னோக்கித் தள்ளப்படும். அடிக்குச் சற்று மேலே உலோகம் இழுபட்டு மெலியும். அளவுக்கு மிஞ்சினால் அந்த இடத்தில் சுற்றிவரப் பிளக்கும். அடி வெளியே வரும், உடல் குழாயாக உள்ளே நிற்கும். அடுத்த ரவை அதற்குள் போய் முட்டும். துவக்கு அந்த நேரத்தில் வெறும் தடிதான்.

அமெரிக்காவில் இதைச் சாதாரண வேட்டைக்காரர்களும் அறிவார்கள். அங்கே சுட்ட கோதுக்கு மறுபடி மருந்திட்டுப் பயன்படுத்துவது சட்டப்படியான, பரவலான பழக்கம். ஒரே கோது திரும்பத் திரும்ப விரிந்து சுருங்குவதால் அடிக்கு மேலே மெலியும். வெளியே மினுங்கும் ஒரு வளையம் தெரிந்தால், அந்தக் கோது அடுத்த முறை கழலும் என்று எறிந்துவிடுவார்கள். கோதைப் பழைய அளவுக்கு நெருக்கும் அச்சுக்குள், எண்ணெய்ப் பசை போதாமல் அது இறுகிச் சிக்குவதும் உண்டு. அப்போதும் கிழிவது அந்த விளிம்புதான். கழன்ற குழாயைத் துவக்கிலிருந்து எடுக்கத் தனிக் கருவியே இருக்கிறது. குழாயினுள் நுழைந்து, அதன் முன்வாயைப் பிடித்து, பின்னோக்கி இழுத்துவரும் ஒரு சிறு உருக்குத் துண்டு அது. படைகளும் இதைச் சிப்பாய்களுக்கு வழங்கின.

துவக்கு சிக்கியதால்தான் தோற்றார்களா?

1868இல் அமெரிக்க அரசு லக்கோட்டா மக்களுடன் லாரமி கோட்டையில் ஓர் உடன்படிக்கை செய்தது. பிளக் ஹில்ஸ் மலைப்பகுதி அவர்களுடையது என்று அதில் எழுதப்பட்டது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரியவந்தது. உடன்படிக்கை காற்றில் போனது. 1876 ஜனவரி 31க்குள் எல்லோரும் ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் போய்விட வேண்டும், போகாதவர்கள் எதிரிகளாகக் கருதப்படுவார்கள் என்று அரசு அறிவித்தது. கெடு விதித்து மக்களை ஓரிடத்துக்குள் போகச் சொல்லும் அறிவிப்பு எப்படியிருக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆண்டு ஜூன் 25ஆம் திகதி, லெப்ரினன்ட் கேணல் ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங் கஸ்டரின் 7ஆவது குதிரைப்படை, லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் பெண்கள், பிள்ளைகளோடு தங்கியிருந்த லக்கோட்டா, செயன் மக்களின் பெரிய குடியிருப்பைத் தாக்கியது. கஸ்டரோடு நேரடியாக நின்ற ஏறத்தாழ 210 பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. படையின் இன்னொரு பிரிவு மேஜர் மார்க்கஸ் ரீனோவின் கீழ், சில மைல் தள்ளி ஒரு மேட்டில் முற்றுகைக்குள் கிடந்து தப்பியது.

நாடு அதிர்ந்தது. ஒரு நவீனப் படை எப்படித் தோற்கலாம்? துவக்கில்தான் பிழை என்றொரு விளக்கம் எழுந்தது. சிப்பாய்களிடம் இருந்தது 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்ட் குறுந்துவக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு ரவைதான் போடலாம். ஒவ்வொருவரிடமும் 100 ரவைகள். அவற்றின் கோது பித்தளை அல்ல, மெதுவான செம்பு. பலர் ரவைகளைத் தோல் இடுப்புப்பட்டியில் செருகி வைத்திருந்தார்கள். தோல் பதனிடும் பொருள் செம்போடு சேர்ந்து களிம்பை உண்டாக்கியது. அந்தக் குறுந்துவக்கில், சிக்கிய கோதை முன்னாலிருந்து தள்ளுவதற்கு ஒரு கம்பிகூட இருக்கவில்லை. கத்தியால் நெம்பத்தான் வேண்டும்.

சண்டை முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூலை 11இல், ரீனோ ஆயுதத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னிடமிருந்த 380 குறுந்துவக்குகளில் 6 இப்படிப் பயனற்றுப் போயின என்றார். பின்கதவு சரியாக மூடாமல் இடைவெளி விழுந்தது, சுட்டதும் கோதின் அடி கழன்றது, உடல் உள்ளே சிக்கியது, கையிலிருந்த எதனாலும் அதை எடுக்க முடியவில்லை. அவர் விவரித்தது, அந்த அம்மா என் கையில் வைத்த அதே குழாயைத்தான்.

380இல் 6 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் கதை வளர்ந்தது. கடைசிவரை நின்று போரிட்ட வீரர்கள், அவர்களைக் கைவிட்ட துவக்கு. ஓவியங்களும் பின்னர் திரைப்படங்களும் அந்தக் கதையைத்தான் சொல்லின.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒரு கதை இருந்தது. சண்டை அதிக நேரம் நீடிக்கவில்லை, சிப்பாய்கள் ஒழுங்கு குலைந்து பதறினார்கள், கூட்டமாக ஓடினார்கள், எங்களில் பலரிடம் நல்ல துவக்குகள் இருந்தன என்று லக்கோட்டா, செயன் மக்கள் சொன்னார்கள். தோலிலும் தாளிலும் வரைந்தும் காட்டினார்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தார்கள். வரலாறு எழுதியவர்களில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் முரண்படுகிறதே என்றார்கள். தோற்ற படையின் மேஜருடைய கடிதம் ஆவணமானது. வென்றும் நிலத்தை இழந்த மக்களின் சொல் வெறும் கதையானது.

மண் பேசிய விதம்

1983 ஓகஸ்டில் அந்தப் போர்க்களத்தில் புல் தீப்பற்றி எரிந்தது. நிலம் வெறுமையாகத் தெரிந்தது. 1984இலும் 1985இலும் டக்ளஸ் ஸ்கொட், ரிச்சர்ட் பொக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள், தொண்டர்களை வரிசையாக நிறுத்தி, உலோகம் கண்டறியும் கருவிகளோடு அந்தக் களத்தை நடந்து தேடினார்கள். கருவி ஒலித்த இடத்தில் ஒரு சிறு கொடி. எதையும் உடனே எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் கிடந்த இடம் அளக்கப்பட்டது, இலக்கமிடப்பட்டது, அதன் பிறகுதான் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பொருட்கள்.

கோதுகள் நுணுக்குக்காட்டியின் கீழ் போயின. ஒவ்வொரு துவக்கின் ஊசியும் கொளுக்கியும் கோதில் தன் தழும்பை விட்டுச்செல்கின்றன. கைரேகை போல, ஒரு துவக்கின் தழும்பு இன்னொன்றினுடையதோடு ஒத்துப்போகாது. குற்றவியல் ஆய்வுகூடங்களில் பொலிஸார் செய்யும் அதே வேலைதான் இது. நெப்ராஸ்கா மாநிலப் பொலிஸின் ஆய்வுகூடம் அதற்கு உதவியது. இரண்டு வெவ்வேறு இடங்களில் கிடந்த கோதுகளில் ஒரே ஊசியின் தழும்பு இருந்தால், அந்தத் துவக்கை ஏந்தியவர் இங்கிருந்து அங்கே நகர்ந்திருக்கிறார் என்று பொருள். பெயர் தெரியாத ஒருவரின் காலடித் தடம், 108 ஆண்டுகளுக்குப் பிறகு.

சிக்கிய கோதுகளும் தங்கள் கதையைச் சொல்லின. கத்தியால் நெம்பிய கீறல், கிழிந்த விளிம்பு ஆகியவை உலோகத்தில் அழியாமல் நிற்கும். அப்படிக் கீறல் விழுந்தவை எத்தனை என்று எண்ணினார்கள். கிடைத்த படைக் கோதுகளில் நூற்றுக்கு மூன்று என்ற அளவில்தான் இருந்தன. அவை கையில் சிக்கிய சிப்பாய்க்கு அது உயிர்போகும் விடயம். ஆனால் ஒரு படையே அழிந்ததற்கு அது காரணமாக முடியாது.

கோதுகள் கிடந்த விதம் மீதியைச் சொன்னது. ஓரிடத்தில் சிப்பாய்கள் முறையான இடைவெளியில் வரிசையாக நின்று சுட்ட அடையாளம் இருந்தது. வேறு இடங்களில் அந்த ஒழுங்கு இல்லை. எதிர்ப்பக்கத்திலோ 40க்கும் மேற்பட்ட வகைத் துவக்குகளின் தடயம் கிடைத்தது. அவற்றுள் ஹென்றி, வின்செஸ்ரர் போன்ற, ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரவைகள் சுடக்கூடியவையும் இருந்தன. ஹென்றி ரவைக் கோதுகள் குவிந்து கிடந்த ஒரு மேட்டுக்கு ஆய்வாளர்கள் ‘ஹென்றிவில்’ என்றே பெயர் வைத்தார்கள். 1993இல் வெளியான தன் நூலில் பொக்ஸ், நீண்ட வீரப் போராட்டம் ஒன்று நடந்ததற்கான சான்று மண்ணில் இல்லை, ஒழுங்கு குலைந்து அணி சிதறியதே நடந்தது என்று வாதிட்டார். லக்கோட்டா, செயன் மக்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது அதுதான்.

1991இல் அந்த இடத்தின் பெயரை அமெரிக்க நாடாளுமன்றம் மாற்றியது. கஸ்டரின் பெயர் போய், லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்கள தேசிய நினைவிடம் ஆனது. விழுந்த சிப்பாய்களுக்கு 1890இலேயே வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள். விழுந்த பூர்வகுடிப் போராளிகளுக்குச் செங்கற் பாறையில் நினைவுக் கற்கள் வரத்தொடங்கியது 1999இல்தான். அவர்களுக்கான நினைவிடம் 2003இல் திறக்கப்பட்டது. கோதுகள் மட்டும் இதைச் செய்யவில்லை. பல ஆண்டுக் கோரிக்கையும் அரசியலும் செய்தன. ஆனால் ‘நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் எங்கே’ என்ற கேள்வி வந்தபோது, காட்டுவதற்கு மண்ணில் ஏதோ மிஞ்சியிருந்தது.

மிஞ்சியது கொஞ்சம்தான். நூறாண்டாக நினைவுப் பொருளென்று பலர் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொறுக்கியவர் வீட்டு அலுமாரியில் கோது இருக்கும். அது எங்கே, எப்படி, எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டிருக்கும். இன்று அங்கிருந்து ஒரு கோதை எடுத்துச் சென்றாலும் குற்றம்.

எங்கள் வளவுகளில்

எங்கள் போர் வேறு, எங்கள் மண் வேறு. யாரை யாரோடும் ஒப்பிட நான் இதை எழுதவில்லை. ஆனால் எங்கள் மண்ணிலும் இன்னும் எழுதப்படாத, எழுதப்பட்டும் நம்பப்படாத பல விடயங்கள் கிடக்கின்றன. கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது, தண்ணீர்க் குழாய் பதிக்க மண் தோண்டியபோதுதான். அங்கே வேலையை நிறுத்தியதால்தான் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது.

ஆகவே, நான் படித்தவற்றிலிருந்தும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் வழமையாகச் சொல்வதிலிருந்தும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது உயிர். வெற்றுக் கோது வெடிக்காது. ஆனால் மண்ணுக்குள் கிடப்பது வெற்றா முழுதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பக்கத்தில் வேறென்ன கிடக்கிறது என்பதும் தெரியாது. கோது வந்த இடத்தில் மேலும் கிண்டாதீர்கள். அந்த இடத்தில் குப்பை எரிக்காதீர்கள். பிள்ளைகள் பொறுக்க விடாதீர்கள். சன்னம் கழலாத ரவையோ வேறு வெடிபொருளோ தெரிந்தால் தொடாமல் விலகி, கிராம சேவகர் ஊடாகவோ பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றும் அணிக்கோ தெரியப்படுத்துங்கள்.

இரண்டாவது இடம். கோதின் பெறுமதி பித்தளையில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எடுக்காமல், கிடந்தபடியே கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். கிணறு, பனை, வேலி என்று அசையாத எதாவது தெரியும்படி தூரத்திலிருந்தும் ஒன்று எடுங்கள். திகதி, யாருடைய காணி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வையுங்கள். பல கோதுகளின் அடியில் எழுத்தும் இலக்கமும் இருக்கும். செய்த ஆலையையும் ஆண்டையும் அவை குறிக்கும். அந்த ஆண்டுக்கு முன் அந்த ரவை சுடப்பட்டிருக்கவே முடியாது. மேலே தெரிந்தால் அதையும் படத்தில் பதியுங்கள். தெரிய வேண்டும் என்பதற்காகத் தோண்ட வேண்டாம்.

மூன்றாவது பயம். வீட்டில் சேர்த்து வைத்தால் விசாரணை வருமோ என்ற பயம் நியாயமானது. முழு ரவை வைத்திருப்பது குற்றம். வெற்றுக் கோதானாலும் சேர்த்து வைக்காமல் இருப்பதே நல்லது. அறிவிக்கத் தயங்கினால், ஒரு சட்டத்தரணியிடமோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலோ முதலில் பேசலாம். எலும்போ உடையோ தெரிந்தால் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம். மண்வெட்டியைக் கீழே வையுங்கள். அது நீதவானின் முன் போகவேண்டிய விடயம்.

இவ்வளவும் படித்த பின் மறுபடியும் அந்த அம்மாவிடம் போனேன். அடியில்லாத கோது எப்படி வந்திருக்கும் என்று விளக்கினேன். சுடும்போது கழன்றிருக்கலாம், மண்ணில் உக்கியும் கழன்றிருக்கலாம், ஒரு நிபுணர் பார்த்தால்தான் எது என்று சொல்வார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எடுத்த இடம் எனக்குத் தெரியும் பிள்ளை. வாங்கோ காட்டுறன்.”

வளவின் வடக்கு வேலியோரம் போனோம். பத்துக்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் கிடந்ததாகவும், குழாய் மட்டும் நாலைந்து எட்டுத் தள்ளிக் கிடந்ததாகவும் சொன்னார். கிணற்றுக் கட்டிலிருந்து எட்டு வைத்து அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டேன். பெடியனுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“இல்லையெண்டு சொல்லிப்போட்டன்” என்றார். கத்தரிக் கன்றுகளைத் தெற்குப் பக்கம் நட்டிருந்தார்.